கிணற்றுக்கு லாரித் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கச் சித்திரையில்தான் வருவார்கள். பள்ளிக்கூட விடுமுறை, எல்லாருக்கும் லீவு கிடைக்கும் என்று வெளியே காரணம் சொன்னாலும் உண்மைக் காரணம் கிணறுதான். ஐப்பசியில் எல்லார் வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் கிடக்கும். அதைப் பார்த்துப் பெண் கொடுத்தவர், அடுத்த கோடையில் தன் மகள் குடத்தோடு பக்கத்து வீட்டு வாசலில் நிற்பதையும் பார்க்க நேரும். சித்திரையில் கிணறு பொய் சொல்லாது. சொல்லவைக்க முடியும் என்று கண்டுபிடித்தவன் நான்தான்.

என் மகன் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறான். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது; பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பெண்ணின் வீடு புதுக்கடை என்ற ஊர்ப் பக்கம். நாங்கள் போய், ஏத்தன்பழ பஜ்ஜி தின்று, சாயா குடித்து, மனம் நிறைந்து வந்துவிட்டோம். இனி அவர்கள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, பிடித்திருந்தால் இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம். சாப்பாடு தயாராக இருந்தும் கை நனைக்காமல் கிளம்பினால், அதற்கு மேல் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

மகன் ஃபோனில் கூப்பிட்டான்.

"அப்பா, ஒரு காரியம் சொன்னா கேப்பியளா?"

"சொல்லு மக்கா."

"அவிய வாறதுக்கு நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். சும்ம இருந்தா மதி, அது போதும்."

நான் சும்மா இருக்கக்கூடிய ஆள்தான். வருடம் முழுக்க அப்படித்தான் இருக்கிறேன். விருந்தாளி வருகிறார் என்று தெரிந்தால் மட்டும் உள்ளுக்குள் ஒரு கொத்தனாரும் ஓர் ஆசாரியும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இருவருக்கும் தொழில் தெரியாது.

முதலில் கூடத்து மின்விசிறி. அது சுற்றும்போது கிறுக் கிறுக் என்று ஒரு சத்தம். எண்ணெய் விட்டால் நிற்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு விட வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. கோடையில் விசிறிக்குப் பராமரிப்பு செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்லிவைக்கிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அப்படியே விட்டாலும் கரண்டியால் விட வேண்டாம். சத்தம் இருந்தபடி இருந்தது. புதிதாக வெள்ளையடித்த நான்கு சுவரிலும் ஒரே உயரத்தில் எண்ணெய்ப் புள்ளிகளால் ஒரு வரி விழுந்தது. கோணல் இல்லாமல் நேராக விழுந்திருந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

அடுத்தது அடுக்களைக்கூரை. ஓடுகளில் ஒன்று விலகியிருந்தது. ஓட்டின் மேல் நடப்பவன் நடுவில் மிதிக்கக் கூடாது, அடியில் கழுக்கோல் என்கிற மரச்சட்டம் தாங்கியிருக்கும் வரியில்தான் மிதிக்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். கழுக்கோல் எந்த வரியில் இருக்கிறது என்பதுதான் ஏறிய பிறகு தெரியவில்லை. ஒரு ஓட்டைச் சரிசெய்ய ஏறினேன். இறங்கியபோது பக்கத்தில் இருந்த ஓடுகளுக்கும் வேலை வந்திருந்தது. என் மனைவி அடுப்பிலிருந்து தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள்.

"வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இனி எறங்கி கொஞ்சம் இருங்க."

இருந்தேன். இருந்த இடம் கிணற்றங்கரை. அதுதான் பிசகு.

எங்கள் கிணற்றில் கோடையில் தண்ணீர் அடியில்தான் கிடக்கும். வற்றாது. இறைத்தால் மறுநாள் அதே அளவுக்கு ஊறி நிற்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மனைவி அதில்தான் சமைக்கிறாள். இருந்தாலும் அன்றைக்கு எட்டிப் பார்த்தபோது, புதுக்கடைக்காரர்களின் கண்ணால் பார்த்தேன். அவ்வளவு ஆழத்தில், ஒரு தட்டில் மிச்சம் வைத்த ரசம் மாதிரி கிடந்தது.

"ஏட்டி, இத அவிய கண்டா என்ன நெனப்பாவ?"

"ஊத்து இருக்குன்னு நெனப்பாவ."

"பாக்க ஒரு நெறவு வேண்டாமா?"

"கெணறு என்ன நகைக்கடையா?" என்றாள்.

விருந்துக்கு முந்தின நாள் மதியம் தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட்டேன். எங்கள் பேச்சில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். வெளியூர்க்காரர்கள் கேட்டால் பயந்துபோவார்கள். இந்த ஒரு தடவை அவர்கள் பயந்திருந்தாலும் தப்பில்லை.

டிரைவர் இறங்கி வந்தார். "அண்ணே, டாங்க் எங்க?"

"டாங்க் இல்ல. கெணத்துல விடணும்."

அவர் கிணற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வெள்ளம் கெடக்குல்லா?"

"கெடக்கு. அது காணாது, போராது."

"குடிக்கவா?"

"காண்பிக்க."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. என்னைப் போன்றவர்களைத் தொழிலில் ஏற்கெனவே பார்த்திருப்பார்போல. தொடை கனத்துக்கு ஒரு குழாயைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டுத் திறந்தார். அதற்கு முன்பே என் மனைவி, நான் லாரிக்குச் சொன்னது காதில் விழுந்ததும், வீட்டில் இருந்த குடம், அண்டா, வாளி எல்லாவற்றிலும் கிணற்றுத் தண்ணீரை எடுத்து நிறைத்து அடுக்களையில் வரிசையாக வைத்துவிட்டிருந்தாள். அதை நான் ஒரு ஏற்பாடாக நினைக்கவில்லை, அவமரியாதையாகத்தான் நினைத்தேன்.

லாரி போன பிறகு பார்த்தால் கிணறு பிரமாதமாக இருந்தது. தென்னை ஓலையும் மேகமும் அதில் தெரிந்தன. ஒரு ஃபோட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன்.

"இது ஆருக்க கெணறு?" என்று பதில் வந்தது.

மறுநாள் காலையில் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. தண்ணீரின் நிறம் பால் விட்ட சாயா. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்த தண்ணீர் அடியில் இருந்த செம்மண்ணைக் கிண்டிப் போட்டிருந்தது. நிறைந்து நின்றதும் அப்படியே நிற்கவில்லை. ராத்திரிக்குள் மண் நன்றாகக் குடித்து, நேற்று நின்ற மட்டத்தில் சுவரைச் சுற்றி ஒரு ஈர வளையத்தை மட்டும் விட்டிருந்தது.

கலங்கிய தண்ணீருக்குப் படிகாரம் நல்லது. ஒரு வாளிக்கு நகக்கண் அளவு போட்டு, மெல்லக் கலக்கிவிட்டு, பொறுத்திருக்க வேண்டும். தெளிந்துவிடும். நான் அதையே கிணற்றுக்குக் கணக்குப் போட்டேன். பொறுத்திருக்க நேரம் இல்லாததால் அளவைக் கூட்டினேன். பிறகு, கலங்கலில் கிருமி இருக்குமே என்று ஒரு பயம் வந்தது. ப்ளீச்சிங் பவுடரும் போட்டேன். கிணற்றங்கரையில், திற்பரப்பு அருவிப் பக்கம் குழந்தைகள் குதித்துக் குளிக்கும் நீச்சல் தொட்டியின் மணம் வந்தது.

அப்போது கார் வந்து நின்றது.

வந்தவர்கள் மூன்று பேர். பெண்ணின் அம்மா, அப்பா, தாய்மாமன். அப்பா அதிகம் பேசாதவர். அவர் பங்கையும் சேர்த்துத் தாய்மாமன் பேசினார். தாய்மாமனுக்கு மோட்டார் பம்பு விற்கும் கடை. இந்த மாவட்டத்தில் எத்தனையோ தொழில் இருக்க, அவருக்கு அதுதான் அமைந்திருந்தது.

"வாருங்க, வாருங்க, இருங்க" என்று சொல்லி அவரை விசிறிக்குக் கீழே உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் தன் வழுக்கையைத் தொட்டு, விரலை மோந்து பார்த்தார்.

"தேங்காண்ணெ" என்றார்.

"நல்ல எண்ணெயாக்கும். செக்குல ஆட்டுனது" என்றேன்.

பெண்ணின் அம்மா கூடத்தில் உட்காரவே இல்லை. நேராக அடுக்களைக்குப் போனார். வீடு பார்க்க வரும் பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். மகள் வாழப்போவது கூடத்தில் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். இது தெரிந்தும் நான் கூடத்துக்கு மட்டும் வெள்ளையடித்திருந்தேன். அவர் மேலே பார்த்துவிட்டு என் மனைவியிடம் கேட்டார்.

"மைனி, ஓடு மாத்துகியளா?"

"இவிய மாத்துனாவ" என்றாள் என் மனைவி.

"மாத்தியாச்சா?"

"ஏறி எறங்கியாச்சு."

அடுப்பில் அவியலும் எரிசேரியும் மூடி இருந்தன. பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதையெல்லாம் திருப்தியோடு பார்த்துவிட்டு, "கெணறு எங்க?" என்று கேட்டார்.

எல்லாரும் கிணற்றங்கரைக்குப் போனோம். தாய்மாமன் சுவரில் கையூன்றிக் குனிந்தார்.

"நெறஞ்சு கெடக்கே" என்றார்.

"ஆமா. தெய்வகிருபை."

"எங்க பக்கத்துல எல்லாக் கெணத்துலயும் அடி தெரியுது. இஞ்ச மட்டும் எங்கேந்து வெள்ளம்?"

"சானல் பக்கத்துலதான."

"சானல்ல இப்ப வெள்ளம் விடல்லியே அண்ணே."

நான் சானல் என்கிற பாசன வாய்க்கால் இருக்கும் திசையைப் பார்த்தேன், அது ஏதாவது உதவி செய்யுமா என்று.

"கக்கூஸ் குழி எங்க தோண்டியிருக்கிய?" என்று அவர் அடுத்துக் கேட்டார். கோடையில் ஒரு கிணறு மட்டும் நிறைந்து, கலங்கிக் கிடந்தால் தொழில் தெரிந்தவர் கேட்கிற நியாயமான கேள்வி. நான் பதில் யோசிப்பதற்குள் அவர் ஈர வளையத்தைப் பார்த்துவிட்டார். "இன்னா பாருங்க, நேத்து இந்த அளவு கெடந்திருக்கு. ஒரு ராத்திரியில இவ்வளவு எறங்கியிருக்கு. இப்பிடி எறங்குனா நாலு நாளுல என்ன மிஞ்சும்?"

ஆக, ஒன்று, என் கிணற்றில் கழிவு கசிகிறது. அல்லது, என் கிணறு ஓட்டை. இரண்டில் எதை மறுப்பது என்று தெரியாமல் இரண்டுக்கும் தலையாட்டிவைத்தேன்.

பெண்ணின் அம்மா வாளியை இறக்கி ஒரு கோரு கோரி, முகத்தருகே கொண்டுபோனார்.

"இது என்ன மணம்?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் என் மனைவி பேசினாள்.

"லாரி வெள்ளமாக்கும் மைனி. நேத்து இவிய விட்டது. பொடி இன்னைக்குக் காலத்த போட்டது."

"எதுக்கு?"

"நீங்க வாறியன்னு."

ஒரு காகம் கத்திவிட்டு, தப்பான நேரத்தில் கத்திவிட்டதாக உணர்ந்ததுபோல் நிறுத்திக்கொண்டது. பெண்ணின் அப்பா அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தார்.

"முழு லாரியுமா?"

"முழு லாரியும்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுக் கிணற்றை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார்.

பெண்ணின் அம்மா வாளியைச் சுவரில் வைத்தார். கோபம் இல்லை; அதுதான் பயமாக இருந்தது. "வெள்ளம் உள்ள கெணத்துல ஆரும் லாரி விடமாட்டாவ அண்ணே. எனக்க மவளுக்கு வேலையும் இருக்கு, சம்பளமும் இருக்கு. அவ கொடம் தூக்கிட்டு நிக்கதுக்கு இஞ்ச வர வேண்டாம்." பிறகு என் மனைவியின் கையைப் பிடித்து, "வெசனப்படாதீங்க மைனி. நாங்க பொறவு சொல்லுதோம்" என்றார்.

'பொறவு சொல்லுதோம்' என்பதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான். கூடத்தில் இலை போட்டிருந்தது.

மகன் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் உட்கார்ந்திருப்பான். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, சும்மா இருப்பது.

என் மனைவிதான் பேசினாள். "மைனி, மோட்டாரு போட்டு முழுசும் எறச்சிருவோம். லாரி வெள்ளம் போவட்டும். அடியில ஊத்து வருதான்னு நீங்க கண்ணால பாருங்க. வரல்லன்னா நான் தடுக்கமாட்டேன்."

பெண்ணின் அம்மா தம்பியைப் பார்த்தார். தம்பி ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். கடை திறக்கக் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. எங்கள் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, "இது ஆரு வித்தது ஒங்களுக்கு?" என்று வருத்தமாகக் கேட்டுவிட்டு, ஹோஸ் குழாயை வாழைத் தோப்புக்குத் திருப்பி, சுவிட்சைப் போட்டார்.

தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. வெயில் ஏறியது. பசியும் ஏறியது. கை நனைக்கக் கூடாது என்பதால் அவர்களுக்குச் சோறும் இல்லை, கூட்டும் இல்லை. இளநீர் மட்டும் வெட்டிக் கொடுத்தோம். அது மரம் கொடுப்பது, வீட்டுக் கணக்கில் வராது என்று தாய்மாமனே தீர்ப்பு சொன்னார். கூடத்தில் இலைகள் ஓரம் சுருண்டுகொண்டிருந்தன. கோடையில் இலையை முன்கூட்டியே போடக் கூடாது; போட்டால் ஈரத்துணியால் மூடிவைக்க வேண்டும். அதைப் போய்ச் செய்வதற்கு எழுந்தேன்.

"நீங்க இருங்க" என்றாள் என் மனைவி. இருந்தேன்.

மகன் கூப்பிட்டான். "அப்பா, கை நனச்சாவளா?"

"கெணறு எறச்சிட்டு இருக்கோம்."

"ஃபோன அம்மைட்ட குடுங்க" என்றான்.

தாய்மாமன் குனிந்து பார்த்தபடியே சொன்னார்: "அண்ணே, ஒரு காரியம் உண்டு. மண்ணு கலங்கி ஊத்துக்க வாயில படிஞ்சா, ஊத்து அடஞ்சும் போவும். நீங்க படிகாரம் வேற போட்டிருக்கிய. கலங்கலு எல்லாம் அடியிலதான போய் இருக்கும்."

அதுவரை நான் பயந்ததெல்லாம் மானம் போவதைப் பற்றித்தான். இனி என்ன, கிணறு காலியானதும் ஊற்று தெரியும், எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். நல்ல ஊற்று உள்ள கிணற்றை நானே கொன்றிருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் கிணற்றுச் சுவரை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன், இனிமேலும் அதற்கு எதுவும் செய்துவிடக் கூடாது என்பதுபோல.

மோட்டாரின் சத்தம் மாறியது; காற்றை இழுத்தது. தாய்மாமன் நிறுத்தினார். அடியில் செஞ்சேறு. அதில் ஒரு எவர்சில்வர் டம்ளரும், நான் வீடு முழுக்கத் தேடி, அண்டை வீட்டுக்காரர்மேல் சந்தேகப்பட்ட ஸ்குரூ டிரைவரும் கிடந்தன. தண்ணீர் இல்லை.

எல்லாரும் எட்டிப் பார்த்தபடி நின்றோம். பெண்ணின் அப்பா குடையை விரித்து மனைவிக்குப் பிடித்தார். சேறு வெயிலில் மினுங்கியது. ஒவ்வொரு மினுக்கத்தையும் தண்ணீர் என்று நினைத்து நான் ஏமாந்தேன்.

"ஒண்ணும் காணல்லியே" என்றார் பெண்ணின் அம்மா.

"தெக்கு மூலையில பாருங்க" என்றாள் என் மனைவி.

பார்த்தோம். சுவரும் அடியும் சேரும் இடத்தில் சேறு ஒரு சின்னக் குமிழாக எழும்பி உடைந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொரு குமிழ். அதைத் தள்ளிக்கொண்டு மணல் கொஞ்சம் வெளியே வந்தது. மணலுக்குப் பின்னால் நூல்போல ஒரு கோடு, சேற்றின் மேல் வளைந்து வளைந்து வந்து டம்ளரைத் தொட்டது.

"வருது" என்றார் தாய்மாமன். அவருக்குக் குரல் உயரவே இல்லை. ஆனால் கையால் தன் அக்காளின் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

டம்ளர் முங்கும்வரை காத்திருந்தோம். பிறகு ஸ்குரூ டிரைவர் முங்கியது. கலங்கல் போகட்டும் என்று முதலில் கோரியதையெல்லாம் கொட்டினார்கள். கடைசியில் ஒரு வாளி தெளிந்து வந்தது. பெண்ணின் அம்மா உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். வாயில் வைத்துக் கொஞ்சம் யோசித்தார்.

"உப்பு இல்ல" என்றார். இன்னொரு கை வாங்கிக் குடித்தார். "கொள்ளாம், நல்ல வெள்ளம்."

அவர் வாளியை இறக்கிவைக்காமல் நின்றார்.

"கெணத்துக்கு ஒண்ணும் கொறவில்ல. வேற ஒரு காரியம் கேக்கணும்." என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் மனைவியிடம் திரும்பினார். "பையனுக்கு ஆருக்க குணம் மைனி?"

"எனக்க குணம்" என்றாள் என் மனைவி. கேள்வி முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

தாய்மாமன் சாட்சி கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். என் மகனுக்காக நான் எவ்வளவோ செய்ய முயன்றிருக்கிறேன், எதுவும் உருப்பட்டதில்லை. இது ஒன்றாவது செய்யலாம் என்று தோன்றியது.

"என்ன மாதிரி ஒண்ணும் கெடையாது" என்றேன். "சின்னதுலேந்தே ஒரு பொருள எடுத்தா எடுத்த எடத்துல வைப்பான். ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ஆளு விளிச்சுத்தான் அடிப்பான்."

"கல்யாணத்துக்குப் பொறவு மாறிருவானோ?" என்று பெண்ணின் அம்மா கேட்டார்.

"நான் கல்யாணத்துக்கு முன்னயே இப்பிடித்தான் இருந்தேன்."

"ஆமா மைனி" என்றாள் என் மனைவி. "எங்க வீட்டுல கெணறு மட்டும்தான் பாத்தாவ."

பெண்ணின் அப்பா குடையை மடக்கினார். அவர் சிரித்தாரா என்பதைக் குடை மறைத்துவிட்டது. பெண்ணின் அம்மா வாளியிலிருந்து தண்ணீர் சரித்து இரண்டு கையையும் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். புது இலை போட்டோம். பருப்பும் நெய்யும் போய், சாம்பார் போய், பாயசம் வந்தது. தாய்மாமன் பாயசத்தில் மட்டிப்பழத்தையும் பப்படத்தையும் போட்டுப் பிசைந்து, "சம்பந்தி, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று என்னிடம் இலையைக் காட்டினார். கொஞ்சம் அவர் வேட்டியிலும் ஊற்றினேன். அவர் பொருட்படுத்தவில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் பெண்ணின் அம்மா ஃபோனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"மோளே, நாங்க சாப்பிட்டாச்சு. ஆமா... கெணறு நல்ல கெணறு, இனிச்சுக் கெடக்கு. மாமியாரு தங்கமாக்கும். பையன் அம்மை மாதிரியாம்..."

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி வந்தது. அவர் திரும்பி, பாயசப் பாத்திரத்தோடு நின்ற என்னை ஒரு முறை பார்த்தார்.

"மாமனாரா? அத நேருல சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு, ஃபோனோடு வெளியே தென்னைமரத்துப் பக்கம் நடந்து போய்விட்டார். பேச்சு ரொம்ப நேரம் நீண்டது.